மூடாத கேட்டும் அடிக்காத மணியும்

ஆயுத பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டு ஆட்டோகேட் மூடமாட்டேன் என்று அடம் பிடித்தது. திறக்கச் சொன்னால் சமர்த்தாகத் திறக்கிறது. மூடச் சொன்னால் பெட்டிக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ரிமோட்டை நெஞ்சுக்கு நேராக நீட்டி அமுக்கினேன். தலைக்கு மேலே தூக்கி அமுக்கினேன். பக்கத்தில் போய், மாட்டுக்கு ஊசி போடுகிறவர் மாதிரி கேட்டின் விலாவில் ஒட்ட வைத்தும் அமுக்கினேன். ஊஹும். “நாசமாப் போன கேட்டே, இப்பத்தானே உனக்குச் சூடம் காட்டினேன், சாம்பிராணிப் புகைகூட இன்னும் அடங்கல, அதுக்குள்ள என்ன கேடு வந்துச்சு உனக்கு?” என்று வாய்விட்டே திட்டினேன். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா துணி எடுத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமே இல்லை. கேட் மூடாவிட்டால் தெருநாய் வரும், பூந்தொட்டியை உருட்டும், போகும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. அந்தக் கேட் மூடினால்தான் என் வீட்டுக்காரர் இந்த வீட்டில் இருக்க முடியும். மூடாவிட்டால் மகள் அவரைச் சிரம்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள். அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள், நானும் சரி என்று தலையாட்டியிருந்தேன்.

அவர் ரந்தாவ் பக்கம் எண்ணெய்க்கு வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பழக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்று வெகு காலமாகிறது. நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பே அந்தத் தோட்டத்தின் ஓரத்தை வெட்டிக் கட்டியதுதான். பின்வேலிக்கு அந்தப் பக்கம் இன்னும் செம்பனை நிற்கிறது, வேலை செய்கிறவர்கள்தான் வேறு நாட்டுக்காரர்கள். கொஞ்ச காலமாக அவருக்கு ஞாபகம் தடம் மாறிப்போயிற்று. டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. காலையில் கண் விழித்ததும் பெரட்டுக்குப் போக வேண்டும் என்பார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவது. அது முடிந்து, வேலை வாங்குகிற தண்டல் மணி அடித்த பிறகுதான் லோரிகள் நிற்கிற ஸ்டோர் கேட்டைத் திறப்பார்கள். அந்தக் காலத்துக்கே மனிதர் திரும்பிப் போய்விட்டார். காக்கிச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரி, செருப்பை மட்டும் கால் மாற்றி மாட்டிக்கொண்டு நிற்பார்.

முதல் தடவை வெளியே போனபோது சிம்பாங் சந்திப்பில், பஸ் நிற்கும் இடத்தில் கண்டுபிடித்தோம். இரண்டாவது தடவை பெரிய ரோட்டின் நடுவில் நின்று, பழக் குலை ஏற்றி வந்த லோரியைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த லோரிக்காரன் பிரேக் பிடித்த சத்தம் தாமான் முழுக்கக் கேட்டது. கடவுள் புண்ணியம், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதல் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. உட்கார்ந்தால் எழுகிறேன், எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று தெரியவில்லை. கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகள் அன்றைக்கே வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

முதலில் பூட்டுப் போட்டுப் பார்த்தோம். அது பெரிய பாவமாகப் போயிற்று. பூட்டைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிடும். “யாருடி என்னைப் பூட்டினது? நான் என்ன களவாண்டேனா?” என்று கம்பியைப் பிடித்து உலுக்குவார். கையெல்லாம் சிராய்த்து ரத்தம் வரும். மகள் பொறுமையாக எடுத்துச் சொல்லுவாள்: “அப்பா, நீங்க ரிட்டயர் ஆயிட்டீங்க. லோரி இல்ல. பெரட்டும் இல்ல. அந்தத் தண்டலும் செத்துப் போயிட்டாரு.” தண்டல் செத்த செய்தியை ஒவ்வொரு தடவையும் அவர் புதிதாகக் கேட்டு, ஒவ்வொரு தடவையும் அழுதார். போதும் நிறுத்து என்று நான்தான் அவளை அதட்டினேன்.

அப்புறம்தான் இந்த ஆட்டோகேட் வந்தது. பக்கவாட்டில் ஓடுகிற இரும்புக் கேட், தூணுக்குப் பின்னால் மோட்டார் பெட்டி, என் கழுத்துச் சங்கிலியில் ரிமோட். வந்த நாளில் ஓர் ஆச்சரியம் நடந்தது. கேட்டில் பூட்டு இல்லாததால் அவருக்குத் தாம் பூட்டப்பட்டிருப்பதாகவே தோன்றவில்லை. ஸ்டோர் கேட்டை இன்னும் திறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். கேட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, “மணி அடிச்சாச்சா புள்ள?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வாயில் வந்தது, “இன்னும் அடிக்கலைங்க. கோப்பி குடிங்க, பசியாறுங்க. அடிச்சா சொல்றேன்.” மனிதர் சமாதானமாகத் தலையாட்டினார். அன்றிலிருந்து தினமும் காலையில் அதே கேள்வி, அதே பதில். வெயில் ஏறினால் இன்றைக்கு வேலை இல்லை போலிருக்கிறது என்று அவரே உள்ளே வந்து விசிறிக்குக் கீழே படுத்துக்கொள்வார்.

மகளுக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை. டாக்டரைக் கேட்காமல் இப்படியெல்லாம் பேசக்கூடாது என்றாள். ஆனாலும் கேட்டை நம்பினாள். “ம்மா, இதான் கடைசி. இன்னொரு தடவை அப்பா ரோட்டுக்குப் போனாரு, அதோட முடிஞ்சது லா. நான் சொன்ன இடத்துல கொண்டுபோய்ச் சேர்த்துடுவேன். நீங்க அழுதாலும் கேக்கமாட்டேன்.” அந்த இல்லத்தைக் காட்ட என்னை ஒரு தடவை கூட்டிப்போயிருந்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமாக இருந்தது, வேலை செய்கிற பெண்கள் தன்மையாகப் பேசினார்கள். ஆனால் நாற்காலிகள் எல்லாம் டிவியைப் பார்த்துப் போட்டிருந்தன. கேட்டைப் பார்த்து ஒன்றுகூட இல்லை.

ஆகவே அந்தக் கேட்டை நான் பிள்ளை வளர்ப்பதுபோல் வளர்த்தேன். தமிழ்ப் பள்ளிக் கேன்டீனில் மீ கோரேங் கிண்டியவள் நான், மின்சாரத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் தலைக்கு மேல் வெள்ளம் வந்தால் நீந்தத்தானே வேண்டும். ஒரு நாள் கேட் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தால், போர்டுக்கு மேலே ஒரு பல்லி கருகிக் கிடந்தது. ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி என்பார்கள். இது மின்சாரப் பானையில் விழுந்து தானும் செத்து போர்டையும் சாகடித்திருந்தது. அன்றிலிருந்து பெட்டிக்குள் பூச்சி உருண்டை போட்டு, ஒயர் நுழைகிற ஓட்டையைப் பஞ்சால் அடைத்தேன். எறும்புக்குச் சுற்றிலும் மருந்துக் கோடு. தண்டவாளத்தில் கல் விழுந்தால் ஓடாது என்பதால் தினமும் துடைப்பத்தால் ஒரு கூட்டு. பல்சக்கரத்துக்கு எண்ணெய். மழை இருட்டிக்கொண்டு வந்தால் இடிக்கு முன்னால் சுவிட்சை அடைப்பேன். உள்ளே இருக்கும் பாட்டரி கொஞ்ச நேரம் தாங்கும். பல்லுக் குச்சி மாதிரி ஒரு சாவியும் உண்டு. அதைப் போட்டுத் திருப்பினால் மோட்டார் பிடியை விட்டுவிடும், கையால் தள்ளலாம். அந்தச் சாவியை முருகன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

இவ்வளவு செய்தும் நன்றி கெட்ட கேட் பூசை அன்றைக்கு என் காலை வாரியது.

பூசையிலும் ஒரு குறையும் வைக்கவில்லை. சாயங்காலம் காரைக் கழுவி, கேட்டைத் திறந்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, நானே வெளியே ஓட்டி நசுக்கிவிட்டு உள்ளே கொண்டு வந்தேன். காருக்கு, ஃபிரிட்ஜுக்கு, மிக்ஸிக்கு, வாஷிங் மெஷினுக்கு, கேட் மோட்டாருக்கு, இரண்டு தூணுக்கும் என்று பார்த்ததற்கெல்லாம் பொட்டு. அவர் சந்தனக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே போய்ச் சுண்டலை எடுத்து வந்தேன். இருவரும் சாப்பிட்டோம். அதற்குப் பிறகுதான் ரிமோட்டை அமுக்கினேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கூத்து.

ரிமோட் பாட்டரியை மாற்றினேன். சுவிட்சை அடைத்துத் திறந்தேன். தண்டவாளத்தைக் கூட்டினேன், கழுவினேன், நசுங்கிய எலுமிச்சம்பழத் தோல் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று மண்டியிட்டுத் தேடினேன். பெட்டியைத் திறந்து பல்லி தேடினேன். பல்லியும் இல்லை, பாச்சையும் இல்லை. கடைசியில் சாவியைப் போட்டுக் கையால் தள்ளி மூடினேன். மூடியது. ஆனால் சாவியைத் திருப்பி எடுத்து மோட்டாரைப் பிடிக்க விட்டால் தானாக மறுபடி திறந்துகொண்டது. சாவி போட்ட கேட்டோ காற்றடித்தாலே நகரும், அவர் தள்ளினால் கேட்கவே வேண்டாம். ராஃபியா கயிற்றால் கட்டினேன். கட்டும்போதே தெரியும் அது வீண் வேலை என்று. லோரிக்கு வலை கட்டி வலை அவிழ்த்த கை அவருடையது. அவர் அவிழ்க்காத முடிச்சு இந்த உலகத்தில் இல்லை. அதோடு கயிற்றைப் பார்த்துவிட்டால் பூட்டைப் பார்த்த கதையாகிவிடும். ஆகவே அவர் எழும் முன்னால் கயிற்றை அவிழ்த்து ஒளித்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து மணிக்குக் காத்திருக்கும் நேரம் முழுக்க, கேட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நானே பூட்டாக நின்றேன். வெங்காயத்தை அங்கே நின்றுதான் உரித்தேன். பசியாறியதும் அங்கேதான்.

“நீ ஏன் புள்ள இங்க நிக்கிற? வேலைக்கு வந்துட்டியா?” என்று கேட்டார்.

“ஆமாங்க. எனக்கும் இன்னைக்கு வேலை போட்டிருக்காங்க.”

“நல்லா வெயில் அடிக்கும். தொப்பி போட்டுக்க,” என்றார். எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

கேட் வைத்துக் கொடுத்த தொழில்காரருக்குப் போன் போட்டேன். சிரம்பானில் இருக்கிற தமிழ்ப் பையன், கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் ஆனவன்தான், எனக்குப் பையன். “ஆண்ட்டி, இப்ப மழை சீசன். இடி இடிச்சு பாதி தாமானுக்குப் போர்டு கருகிப் போச்சு. மூச்சு விட நேரமில்ல. ஞாயித்துக்கிழமை காலைல கண்டிப்பா வரேன்,” என்றான். மகளும் ஞாயிற்றுக்கிழமைதான் சாப்பிட வருகிறாள். அதற்குள் ஏதாவது வழி சொல்லுப்பா என்று கெஞ்சினேன். “தூணுல கீழ ரெண்டு பக்கமும் கறுப்பா கண்ணு மாதிரி இருக்கும் பாருங்க. அதுதான் சென்சர். ஒன்னை ஒன்னு பாத்துக்கிட்டே இருக்கும். நடுவுல ஆள் நின்னா கேட் மூடாது. அதுல எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருந்தா அதுக்கு ஆள் நிக்கிற மாதிரியே தெரியும். ரெண்டையும் நல்லா தொடச்சு விடுங்க.”

அது எனக்குத் தெரிந்த கண்தான். அப்பா நடுவில் நின்றால் கேட் நசுக்கிவிடக்கூடாது என்று மகள் சொல்லித்தான் அதை வைத்தார்கள். முழங்கால் உயரத்தில் இருக்கும். எனக்கு முட்டி வலி. குனிந்து, முனகி, மோட்டார் பக்கத்துக் கண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்தேன். கண்ணாடி மாதிரி பளபளத்தது. அந்தப் பக்கத் தூணுக்குப் போனேன். அந்தக் கண்ணுக்குச் சந்தனம், குங்குமத்தோடு பூசைப் பொட்டு வைத்திருந்தது. பூசைக்கு வைத்த பொட்டை யாராவது அழிப்பார்களா? அது காய்ந்து தானாக உதிரும்வரை விடுவதுதான் எங்கள் வழக்கம். லோரியில் வைத்த பொட்டு அடுத்த பெருமழையில்தான் போகும். ஆகவே பொட்டைத் தொடாமல், சுற்றிலும் இருந்த தூசியை மட்டும் மெதுவாகத் துடைத்துவிட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழுந்தேன். ரிமோட்டை அமுக்கினேன். டக். அவ்வளவுதான். துடைத்துவிட்டேன், கண்ணில் கோளாறில்லை என்று அவனுக்குப் போனில் சொன்னேன். “அப்ப போர்டுதான் ஆண்ட்டி,” என்றான்.

அந்த நாட்களில் என் பாடு எதிரிக்கும் வரக்கூடாது. கழிவறைக்குப் போனால்கூடக் கதவைச் சாத்தவில்லை. சோறு இரண்டு தடவை அடிப்பிடித்தது. மகள் தினமும் போன் பண்ணுவாள். “கேட் எப்படிம்மா?” என்பாள். “அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு,” என்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சும்மா இல்லை. போன் மணி அடித்தாலே முதலில் கேட்டைத்தான் திரும்பிப் பார்த்தேன். போர்டு வந்து சேர எவ்வளவு நாளாகும், அதுவரை என்ன சொல்வது, ஞாயிற்றுக்கிழமை அவள் கார் வந்து நிற்கும்போது யார் கேட்டைத் தள்ளுவது என்று இதையே மனம் சுற்றிச் சுற்றி வந்தது.

ஞாயிறு வந்தது. மீன் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் வழக்கம்போலக் கேட்டில் சாய்ந்து நின்றேன், அவர் நாற்காலியில். அடுப்பங்கரையில் போன் அடித்தது. எடுக்காவிட்டால் மகள் பயந்துவிடுவாள் என்று ஓடினேன். “ம்மா, நான் சிரம்பான் தாண்டிட்டேன். ஏதாச்சும் வாங்கணுமா?” ஒன்றும் வேண்டாம், பார்த்து வா என்றேன். குழம்பு பொங்கி வழிந்தது, அடுப்பை அடைத்தேன். வெளியே வந்தேன். நாற்காலி காலி. கேட் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் தள்ளிக் கிடந்தது.

ஐயோ என்று ஒரு சத்தம் போட்டேன். எனக்கே என் குரல் தெரியவில்லை. செருப்பு மாட்டவில்லை. வலது பக்கம், சிம்பாங்கைப் பார்த்து ஓடினேன், போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் அவர் அந்தப் பக்கம்தான் போனார் என்பதால். முட்டி வலியா, அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. சிம்பாங்கில் மோட்டார் சைக்கிளில் போனவரை நிறுத்திக் கேட்டேன், கடைக்காரரைக் கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. பெரிய ரோட்டில் பழ லோரி ஒன்று குலைகள் ஆட ஆடப் போனது. அதன் பின்னாலேயே கண்ணை ஓட்டினேன், ரோட்டில் ஏதாவது கிடக்கிறதா என்று. என் வாயால் சொல்லக்கூடாது, ஆனால் அப்படித்தான் பார்த்தேன். ஒன்றும் இல்லை. திரும்பி ஓடினேன். ஓட முடியவில்லை, நடந்தேன். அழுதுகொண்டே நடந்தேன்.

தெரு முனை திரும்பியதும் மகளின் கார் தெரிந்தது. வீட்டுக்கு முன்னால் ரோட்டில் நின்றுகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், நட்ட நடு ரோட்டில், காக்கிச் சட்டையோடு அவர் நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தார். “வா... வா... வா... லெஃப்ட்ல ஒடி... போதும், போதும்!” மகளின் காரை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி வழிகாட்டிக்கொண்டிருந்தார். அவர் இடது பக்கம்தான் போயிருக்கிறார். பக்கத்து வீட்டு ரம்புத்தான் மர நிழலில், தம்மை ஏற்றிப்போக லோரி வரும் என்று நின்றிருக்கிறார். மகள் வந்தவள் தன் அப்பாவை ரோட்டில் பார்த்திருக்கிறாள். காரை விட்டு இறங்கியவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“கேட் திறந்து கெடக்கு. அப்பா ரோட்டுல நிக்கிறாரு. நீங்க எங்கம்மா போனீங்க?” என் வெறுங்காலைப் பார்த்தாள். “எத்தனை நாளா இது?”

“பூசையிலேருந்து.”

“தினமும் கேட்டேனே. கல்லு மாதிரி இருக்குன்னு சொன்னீங்க.” அவளுக்குக் குரல் உடைந்தது. “நான் என்ன சொல்லியிருந்தேன், ஞாபகம் இருக்கா?”

“இருக்கு. அதனாலதான் சொல்லல.” எனக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. தெரு என்றும் பார்க்கவில்லை. “கொண்டுபோய்ச் சேரு. நாளைக்கே கொண்டுபோ. அங்க அவரு எந்தக் கேட்டைப் பாத்து உக்காருவாரு? எந்த மணிக்குக் காத்திருப்பாரு? அது மட்டும் சொல்லிட்டுக் கொண்டுபோ.” அவள் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

தொழில்காரன் வேன் வந்து நின்றது அப்போதுதான். பாவம், வந்தவன் வீட்டு நிலவரம் புரிந்துகொண்டு நேராகப் பெட்டியைத் திறந்தான். மீட்டர் வைத்தான். ஒயரைத் தொட்டான். நெற்றியைச் சுருக்கினான். “போர்டு நல்லா இருக்கு ஆண்ட்டி. சென்சர்தான் ஆள் நிக்குதுன்னு சொல்லுது.” நான் துடைத்தேன் என்றேன். அவன் எழுந்து அந்தப் பக்கத் தூணுக்குப் போய்க் குனிந்தான். குனிந்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு.

“ஆண்ட்டி! இவ்ளோ பெரிய பொட்டை வச்சு கண்ணை மறைச்சா, அது எதைப் பாக்கும்?”

“பொட்டை அழிக்கலாமான்னு அதை மட்டும் விட்டுட்டுத் தொடச்சேன்.” சொல்லும்போதே என் மூளைக்கு உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். “சென்சருக்கு ஏம்மா பொட்டு வச்சீங்க?”

“நான் வைக்கலடி,” என்றேன். குனிந்து இப்போதுதான் அதை நன்றாகப் பார்த்தேன். என் பொட்டு மோதிர விரலால் வைப்பது, சின்னதாக இருக்கும். இது கட்டை விரலால் அழுத்தி வைத்தது. சந்தனத்தில் ரேகைகூடப் பதிந்திருந்தது. நடுவில் குங்குமம், மேலே விபூதிக் கோடு. எத்தனை வருடம் பார்த்த பொட்டு! ஆயுத பூசைக்கு அவர் லோரியின் இரண்டு ஹெட்லைட்டுக்கும் இப்படித்தான் வைப்பார்.

நாற்காலியில் இருந்தபடியே அவர் குரல் கொடுத்தார். “எல்லாத்துக்கும் வச்ச, லைட்டுக்கு வைக்க மறந்துட்ட. நான்தான் வச்சேன். லைட்டுக்கு வைக்காம வண்டி எடுக்கக்கூடாது, தெரியாதா?” என்னைத்தான் அதட்டினார். மகளின் பெயரைக்கூட மறக்கிற மனிதர், நான் மறந்ததைக் கண்டுபிடித்துச் சரிசெய்திருக்கிறார். பொட்டு வைத்தபோது அவர் எங்கேயும் ஓடிப்போக நினைக்கவில்லை. வீட்டிலிருக்கும் இயந்திரம் நன்றாக ஓட வேண்டும் என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

தொழில்காரன் துணியை நனைத்தான். துடைக்கும் முன்னால் அவரைப் பார்த்து, “தொடச்சிடட்டுமா அங்கிள்?” என்று கேட்டான். அவர் பெருந்தன்மையாகக் கையசைத்தார். மகள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து வந்து, அப்பாவின் கட்டை விரலைப் பிடித்து, சென்சர் கண்ணுக்கு ஒரு சாண் மேலே தூணில் வைக்கச் செய்தாள். “அடுத்த வருஷமும் இங்கதான் வைக்கணும்ப்பா, சரியா?” என்றாள். அடுத்த வருஷம் என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரிமோட்டை அமுக்கினேன். கேட் கிறீச் என்று நகர்ந்து, ஒழுங்காகப் போய்த் தூணில் முட்டி நின்றது. அவர் எழுந்து போய், ஓடி வந்த லோரியைத் தட்டிக்கொடுப்பதுபோல் கம்பியை இரண்டு தட்டுத் தட்டினார். “நல்ல வண்டி,” என்றார். எனக்குத் தாங்கவில்லை. தன்னை உள்ளே வைத்து மூடுகிற பொருளுக்குத்தான் அந்த மனிதர் அத்தனை பக்தியாகப் பொட்டு வைத்திருக்கிறார். அதை மூடச் சொல்லி அமுக்கியதும் என் விரல்தான். தூணைப் பிடித்துக்கொண்டு விசும்பினேன். தொழில்காரன் பார்க்காததுபோல் சாமான்களை எடுத்து வைத்தான்.

அவர் மறுபடி நாற்காலிக்கு வந்தார். மூடிய கேட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்துத் தினமும் கேட்பதைக் கேட்டார்.

“மணி அடிச்சாச்சா புள்ள?”

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். ரிட்டயர் ஆயிட்டீங்க, தண்டல் செத்துட்டாரு என்று சொல்லத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கி வந்து, அவர் பக்கத்தில், கேட்டைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இன்னும் அடிக்கலப்பா,” என்றாள். “கோப்பி குடிங்க. அடிச்சா நான் சொல்றேன்.”